கணவாய் பார்க்கப் போன நாள்

1986ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. இடம், வடமராட்சி கிழக்கில் நீரேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தரவை. தரவை என்றால் எங்கள் பக்கத்தில் மாடு மேயும் வெட்டவெளி. கோடையில் வெடித்துப் புழுதி பறக்கும் அந்த நிலம், மாரி மழை முடிந்த கையோடு ஒரே பச்சையாகிவிடும். அந்தப் பச்சைக்கு நடுவே பதினான்கு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நான் பட்ட பாட்டை இத்தனை வருடமாகியும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தென்மராட்சியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு மலைகளைப் பற்றிப் பாடம் நடத்துவது போலச் சிரமமான வேலை வேறில்லை. எங்கள் நிலம் தோசைக்கல் மாதிரி. உயரமானது என்று காட்டக் கோயில் கோபுரம் இருக்கிறது, அதை விட்டால் பனை. முன்பெல்லாம் உயர்தர வகுப்பு மாணவிகளை வருடத்துக்கு ஒரு தடவை மலைநாட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நானும் என் படிப்புக் காலத்தில் அப்படிப் போனவள்தான். மலைப் புல்வெளிகளுக்கூடாகப் பகல் முழுக்க நடந்து, இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கணவாயில் நின்று, குளிர்காற்றில் பல்லுக் கிட்டித்தபடி இந்தப் பாடத்தில் மயங்கியவள். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தப் பயணம் நின்றுபோனது. பிள்ளையைத் தெற்கே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஒரு நாள் வகுப்பில், "கணவாய் என்றால் என்ன?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, மிகவும் மரியாதையாக, "கறி, ரீச்சர்" என்றாள்.

வகுப்பே குலுங்கியது. கடலில் பிடிபடும் அந்தக் கணவாய் மீனுக்கும், மலைகளுக்கு நடுவே உள்ள வழிக்கும் தமிழில் ஒரே பெயராகப் போனது அவள் குற்றமா? நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனபின் மனதில் ஏதோ நெருடியது. இந்தப் பதினான்கு பேரும் ஒரு குன்றையாவது கண்ணால் காணாமல், மலையைப் பற்றிச் சோதனை எழுதப் போகிறார்கள்.

அன்றிரவே பெட்டியைக் கிளறி, பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழைய நில அளவை வரைபடம் ஒன்றிலிருந்து ட்ரேசிங் தாளில் நான் படியெடுத்து வைத்திருந்த படத்தைத் தேடி எடுத்தேன். மணற்காட்டுப் பக்கம் கடலோரமாகப் பெரிய மணல் மேடுகள் இருக்கின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை கடலுக்கு இறங்குகிறது. மலைநாட்டோடு ஒப்பிட்டால் அவை மலையல்ல, மலையின் பேரப்பிள்ளைகள். இருந்தாலும் புல்வெளி இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, கணவாய் இருக்கிறது. கொடிகாமத்தில் பருத்தித்துறை பஸ் ஏறி, நீரேரியைக் கடந்ததும் இறங்கி, தரவைக்கூடாகக் கிழக்கே ஐந்தாறு மைல் நடந்தால் போதும்.

பாடசாலை அதிபர் ஒரு கிழமை யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பின்னேரம் அஞ்சு மணிக்கு முன்னம் ஒவ்வொரு பிள்ளையும் அவையவையின்ரை வீட்டு வாசல்லை நிக்கோணும். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்லப் போறது நான் இல்லை, நீங்கள்" என்றார். சரியென்று தலையாட்டினேன். துணைக்கு வருவதாக இருந்த மனையியல் ஆசிரியைக்கு அன்று காலை பார்த்துக் காய்ச்சல். அப்போதே பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் தண்ணீர்ப் போத்தலும் புட்டுப் பார்சலும் குடையுமாக வரிசையில் நின்ற பதினான்கு முகங்களையும் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது எட்டு மணி இருக்கும். புல்லில் பனி இன்னும் உலரவில்லை. கணுக்கால் வரை நனைந்துகொண்டு நடந்தோம். மஞ்சளும் ஊதாவுமாகப் பெயர் தெரியாத சின்னச் சின்னப் பூக்கள் புல்லோடு புல்லாகக் கிடந்தன. தூரத்தில் நீரேரி வெள்ளித் தகடு போல மின்ன, அதன் ஓரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நின்றன. வீட்டையும் பாடசாலையையும் ரியூட்டரியையும் தவிர வேறெங்கும் போக விடாத பிள்ளைகள் அவர்கள். முதல் பத்து நிமிடம் பாடசாலை வரிசை மாதிரி நடந்தவர்கள், பிறகு கைகோத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் கைதட்ட, மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எனக்கும் பெருமை தாங்க முடியவில்லை. படத்தைக் கையில் விரித்துப் பிடித்தபடி, ஏதோ பெரிய படையை நடத்திப் போகிறவள் போல முன்னால் நடந்தேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். மாட்டுத் தடம் இடப்பக்கமாக வளைந்து, ஏனென்று தெரியாமல் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிப் போனது. என் படத்திலோ நேரே போக ஒரு தடையும் இல்லை.

"ரீச்சர், மாடெல்லாம் அந்தாலை சுத்தியெல்லே போயிருக்கு. நாங்களும் அதாலை போவமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாட்டுக்கு வரைபடம் தெரியாது பிள்ளை. எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அந்த வசனத்தை அந்தப் பதினான்கு பேரும் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

இருநூறு மீற்றர் தூரம் நன்றாகத்தான் போனது. புல் குறைந்து, தரை சாம்பல் நிறமாக மாறி, காலடியில் மெல்லிய உப்புப் பொருக்கு நொறுங்கியது. பிறகு செருப்புகள் ஒட்டத் தொடங்கின. திரும்புவோம் என்று நான் வாயெடுப்பதற்குள் முன்னால் ஓடிய ஒருத்தி "ஐயோ" என்று கத்தினாள். பார்த்தால் முழங்கால் வரை சேற்றுக்குள் நிற்கிறாள். கையைக் கொடுக்கப் போன மற்றவளுக்கும் ஒரு கால் உள்ளே போனது. நான் ஓடிப்போய் முதலாமவளின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க அவள் இன்னும் இறங்கினாள். தொடை வரை போய்விட்டது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தபடி, "ரீச்சர், கீழை ஒண்டும் தட்டுப்படேல்லை" என்றாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏய் பிள்ளையள்! இழுக்காதேங்கோ! நிண்ட இடத்திலை நில்லுங்கோ!"

மாட்டுத் தடத்தின் வழியாக, தலையில் கடகத்தோடு ஒரு பெண் வேகமாக வந்துகொண்டிருந்தார். ஓலைக் கடகத்தில் மீன் விற்று முடித்துவிட்டுக் கடற்கரைக்குத் திரும்புகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரிந்த நடையில் சேற்றுக்குள் இறங்கி வந்தார். கடகத்துக்குள் இருந்த சாக்கை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் பின்னால் விரித்தார்.

"பிள்ளை, காலை இழுக்கக் கூடாது. மெள்ளமாப் பின்னாலை சாயுங்கோ. பாயிலை படுக்கிற மாதிரிப் படுங்கோ. சட்டை ஊத்தையாகும், அது பறவாயில்லை."

அவள் சாய்ந்து படுத்தாள். அந்த அக்கா குந்தியிருந்து, சேற்றுக்குள் கையை விட்டு, அவளுடைய காலைச் சுற்றிச் சேற்றை வழித்து வழித்து விட்டார். "இப்ப ஒரு காலை மடக்குங்கோ. அவசரமில்லை. நான் பிடிச்சிருக்கிறன்." ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ எனக்குத் தெரியாது. ஒரு கால் வந்தது. பிறகு மற்றக் கால் வந்தது. செருப்பு ஒன்று மட்டும் வரவில்லை. மற்றவள் அதற்குள் தன்பாட்டில் காலை உருவிக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.

எல்லோரையும் புல் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தபின் அந்த அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "ஆர் உங்களை இந்தச் சேத்துக்கை இறக்கினது?"

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான். நான் இவையின்ரை ரீச்சர்" என்றேன்.

"என்ன படிப்பிக்கிறனீங்கள்?"

"புவியியல்."

"அதெண்டால் என்ன?"

"நிலத்தைப் பற்றினது."

அவர் சேற்றைப் பார்த்தார். முழங்கை வரை சேறு பூசி நின்ற என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. என் மாணவிகள்தான் சிரித்தார்கள். சற்றுமுன் சேற்றுக்குள் நின்றவள்தான் எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தாள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். சதுப்பு நிலத்தைக் காட்டச் சின்னச் சின்னப் புல் முடிச்சுகள் போல ஒரு குறியீடு உண்டு. படியெடுத்தபோது, கை வலிக்கிறது என்றோ படம் அழகாக இருக்கட்டும் என்றோ, அவற்றை நான் போடாமல் விட்டிருக்கிறேன். மாடுகள் சரி. நான் பிழை.

சேறு கழுவவே எங்கள் போத்தல்களில் இருந்த தண்ணீரெல்லாம் முடிந்துபோனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். சேற்றில் விழுந்தவளே, "இவ்வளவும் வந்திட்டம், கணவாயைப் பாக்காமல் போறதே?" என்று மறித்தாள். அந்த அக்கா, "நானும் உங்கினைதான் போறன், வாங்கோ. நான் கால் வைக்கிற இடத்திலை வையுங்கோ" என்றார்.

நடந்துகொண்டே கதை கேட்டோம். இருபது வருடத்துக்கு மேலாக அவர் இந்த வழியில் நடக்கிறாராம். கல்யாணம் முடித்து வந்த காலத்திலிருந்து. விடிகிறதுக்கு முன் வள்ளங்கள் கரைக்கு வரும். மீனை வாங்கிக் கடகத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், தரவைக்கு அப்பால் உள்ள குடிமனைகளில் விற்று முடித்து, அரிசியோ மண்ணெண்ணெயோ வாங்கிக்கொண்டு இந்த நேரத்துக்குத் திரும்புவார். நாங்கள் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஒரு கிழமை ஆயத்தப்படுத்தி வந்த பெரும் பயணம் அவருக்கு அன்றாடம் கடைக்குப் போய் வருகிற வேலை. அதுவும் போகும்போது தலையில் பாரத்தோடு.

"நீங்கள் எங்கை போறியள் பிள்ளையள்?" என்று கேட்டார்.

"மலை பார்க்க" என்றாள் ஒருத்தி.

"மலையோ? எங்கை இருக்கு?"

அவள் முன்னால் தெரிந்த மணல் மேடுகளைக் காட்டினாள். அந்த அக்கா கடகத்தைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தெற்குப் பக்கமாக ஒரு இரைச்சல் கேட்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த யாருக்கும் அது என்ன சத்தமென்று சொல்ல வேண்டியதில்லை. ஹெலி, மேலிருந்து சுடும் இராணுவ ஹெலிகொப்டர். வீடென்றால் பங்கர்க் குழிக்குள் ஓடலாம். தோட்டமென்றால் மரத்தடியில் ஒதுங்கலாம். அந்த வெட்டவெளியில் ஒரு பனைகூட இல்லை. நீலமும் சிவப்புமாகக் குடை பிடித்த பதினான்கு பிள்ளைகளும் நானும் அக்காவும்தான். இரண்டு பேர் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

"ஓடாதேங்கோ!" அக்காவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "ஓடினால்தான் அவன் பாப்பான். குடையளைச் சுருக்குங்கோ. ஒரு இடத்திலை கும்பலா நிக்காமல் குந்துங்கோ. குந்தியிருந்து புல்லுப் பிடுங்குங்கோ. மேலை பாக்காதேங்கோ."

பிடுங்கினோம். மாட்டுக்குப் புல்லுக்கு வந்தவர்கள் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குந்தியிருந்து, ஆளுக்காள் பிடுங்கினோம். நிழல் எங்களுக்கு மேலாகப் போனது. காற்றில் புல்லெல்லாம் படுத்தது. ஒரு வட்டம் அடித்தது. நான் மனதுக்குள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். பதின்மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை, திரும்பத் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். இரண்டாவது வட்டம் பாதியில் வடக்கே திரும்பிக் கடல் பக்கமாகப் போய்விட்டது.

சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. புல்லுப் பிடுங்குவதையும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்த அக்காதான், "காணும் பிள்ளையள். மாட்டுக்கும் கொஞ்சம் விடுங்கோ" என்றார். பார்த்தால் ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு கட்டுப் புல். என் மடியில் இரண்டு கட்டு. சிரித்தோம் பாருங்கள், பயந்ததற்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சிரித்தோம். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைப் பசுவின் முன்னால் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினோம். அது எங்களை நம்பாமல் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

பதினொரு மணியளவில் மணல் தொடங்கியது. முதலில் அடம்பன் கொடி, பிறகு முள்ளுப் பந்து போல உருளும் இராவணன் மீசை, பிறகு வெறும் வெள்ளை மணல். இரண்டு மேடுகளுக்கு நடுவே அந்த ஒற்றையடிப் பாதை ஏறியது. நாலடி வைத்தால் இரண்டடி கீழே சறுக்கியது. மேலே போகப் போகக் காற்று முகத்தில் அறைந்தது. உச்சியில் கால் வைத்தபோது எதிரே, ஒரே வீச்சில், கடல். முன்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் அவளில் மோதி நின்றாள்.

"இதுதான் கணவாய்" என்றேன். மலைநாட்டில் நான் நின்ற இடத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் இங்கும் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்ந்தது. இங்கும் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வேறொரு உலகம். பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான்.

பிள்ளைகள் அதோடு விடவில்லை. வலப்பக்க மேட்டின் உச்சிக்கு ஏற வேண்டும் என்றார்கள். அந்த அக்காவையும் வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எனக்கு அங்கை என்ன சோலி? இத்தினை வருசமா இதாலை போறன், ஒரு நாளும் உதிலை ஏறினதில்லை."

"ஒரு நாளுமோ?"

"ஏறினால் மீன் விக்குமோ?"

ஆனாலும் வந்தார். கடகத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருத்தி பின்னாலிருந்து தள்ள, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஏறினார். உச்சியில் நின்று முதலில் கடல் பக்கம் பார்த்தார். தன் ஊரின் கூரைகளையும் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களையும் எங்களுக்குக் காட்டினார். பிறகு திரும்பினார்.

அந்தப் பக்கம் தரவை முழுவதும் விரிந்து கிடந்தது. நீரேரி ஓரமாக வளைந்து வளைந்து, நூல் போல அந்தத் தடம், அங்கே கறுப்புக் கோடாகத் தெரிந்த பஸ் வீதி வரை போனது. அதற்கும் அப்பால் பனந்தோப்புகள், அவர் மீன் விற்கும் குடிமனைகள். அக்கா நெற்றியில் கையை வைத்து, தடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் நடந்து பார்த்தார்.

"எடி ஆத்தை!" என்றார். "இவ்வளவு தூரமே?"

பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். மணல் ஒட்டிய, வெடித்த, அகன்ற பாதங்கள். ஏதோ முதல்தரம் அறிமுகமானவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இந்தக் காலுகளே அவ்வளவும் நடக்குது? நடக்கேக்கை தெரியிறேல்லை பிள்ளையள்." அவருடைய முகத்தில் வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. என் மாணவிகள் கைதட்டினார்கள். உண்மையாகவே, எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அங்கேயே இருந்து புட்டுப் பார்சல்களைப் பிரித்தோம். ஒவ்வொருத்தியும் தன் பார்சலில் ஒரு பிடி எடுத்து அவருக்கு வைத்தாள். நானும் என் சம்பலில் பாதியைக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் ருசி பார்த்து, யாருடைய அம்மா உப்புக் குறைவாகப் போடுகிறவர் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் புட்டுத் தின்றபின் தாகம் பிடித்தது. போத்தலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா, "கீழை எங்கடை வீடு கிட்டத்தான், வாங்கோ" என்று கூட்டிப் போனார். மணலுக்குள் ஓலையால் வேய்ந்த ஒரு சின்ன வீடு. முற்றத்து மூலையில் மணலைத் தோண்டி, சுற்றிவரப் பனங்குற்றி இறக்கிய ஒரு குழி. பூவல் என்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தக் குழிக்குள் கண்ணாடி போல நன்னீர். மணலுக்குக் கீழே மழைநீர் தங்கும் விதத்தை இரண்டு வருடமாகக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள் நான். நேரில் கண்டது அன்றுதான்.

அக்கா வாளியை எடுத்தவர், சட்டென்று நின்றார். அதுவரை எங்களை அதட்டியும் பகிடி பண்ணியும் கொண்டுவந்து சேர்த்தவருடைய குரல் அங்கே தணிந்தது. "ரீச்சர்... வாளி உங்கை கிடக்கு. நீங்களே அள்ளிக் குடிக்கிறதெண்டாலும் குடியுங்கோ" என்றார்.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊர்களில், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக் கூடாது என்பதை விபரம் தெரியும் வயதுக்கு முன்பே பழக்கிவிடுவார்கள். சாதி என்று யாரும் உரத்துச் சொல்வதில்லை. நாங்கள் தோட்டம் செய்யும் குடும்பங்கள். அவர் கடற்கரையார். அன்று காலை பஸ் நிலையத்தில் ஒரு தாய் என் காதுக்குள், "பிள்ளையை அங்காலை ஆரின்ரையும் வீட்டிலை வாய் நனைக்க விடாதேங்கோ ரீச்சர்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன்.

"இல்லை அக்கா, நீங்கள் தாங்கோ" என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவர் பேணியைக் கழுவி, தண்ணீரை நிறைத்து, என்னிடம் நீட்டினார். என் கை எழும்பவில்லை. ஒரு கணம்தான். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கலாம். பல்கலைக்கழகம் போய் வந்தவள், மேடையில் ஏறிச் சமத்துவம் கதைத்தவள், அவருடைய கையால் ஒரு பிள்ளையின் உயிரைத் திரும்பப் பெற்றவள், கை எழும்பாமல் நின்றேன். அவர் அதைக் கண்டார். கண்டார் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து பேணியை வாங்கியது. யாருடைய தாய் என் காதுக்குள் சொல்லி அனுப்பினாரோ, அந்தப் பிள்ளை. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, சத்தமாக ஒரு மூச்சு விட்டு, "அக்கா, இன்னும் ஒண்டு" என்றாள். பிறகு மற்றப் பதின்மூன்று பேரும் பேணிக்குச் சண்டை பிடித்தார்கள். கடைசியாக நான் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. குடித்து நிமிர்ந்தபோது அக்கா சிரித்துக்கொண்டு, "நிலத்தைப் பற்றிப் படிப்பிக்கிறியள், தண்ணி எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். என் தயக்கத்தைப் பற்றி அவருடைய கண்ணிலும் ஒன்றுமில்லை, குரலிலும் ஒன்றுமில்லை.

திரும்பி நடப்பதற்கு அவர் விடவில்லை. மீன் ஏற்றிப் பட்டணம் போகும் அவருடைய உறவுக்காரரின் லொறி இரண்டு மணிக்குப் புறப்பட இருந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் எல்லோரையும் அடைத்து ஏற்றினார். செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தவளுக்குத் தன் பழைய செருப்பைக் கொடுத்தார், அது அவளுக்கு இரண்டு அளவு பெரிது. லொறி நகரும்போது, "ரீச்சர், அடுத்தமுறை மாட்டிட்டைக் கேட்டுப்போட்டு வாங்கோ!" என்று கத்தினார். பிள்ளைகள் கொடிகாமம் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஐந்து மணிக்கு முன்பே பதினான்கு பேரும் அவரவர் வீட்டு வாசலில் நின்றார்கள். சேறும் மணலும் மீன் நாற்றமுமாக. திங்கட்கிழமை அதிபரிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர், "அடுத்த வருசமும் போறதெண்டால் இரண்டு ரீச்சர்மார் போங்கோ" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் போக நாட்டு நிலைமை விடவில்லை. பிறகு இடப்பெயர்வுகள் வந்தன. அந்தப் பிள்ளைகள் இன்று எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். அந்த அக்காவை மறுபடி காணக் கிடைக்கவேயில்லை. நாள் முழுக்க எங்களைக் காத்தவரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை என்பது அடுத்த வெட்கம்.

மேட்டின் மேல் இருந்து என் சம்பலில் பாதியை அவருக்குக் கொடுத்தபோது எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை, நான் பெரிய மனம் உள்ளவள் என்றுகூட நினைத்திருப்பேன். கொடுக்கச் சுலபமாக எழும்பிய கை, வாங்கும்போதுதான் எழும்ப மறுத்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தை அவர் அன்றைக்கே மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு யார் வீட்டு முற்றத்தில் யார் தண்ணீர் நீட்டினாலும், நான் யோசிப்பதற்கு முன்பே என் கை நீண்டுவிடுகிறது.